வாசலில் கிடக்கும் வாயில்லா ஜீவன்

முதுமையால் பல் தேய்ந்து, சொறி பிடித்து, மதிலோரம் சுருண்டு கிடக்கும் தெருநாயைக் கண்டதும் நம்மில் பலர் கல்லைத் தேடுகின்றனர். கேட்டால் ‘நஜீஸ்’ என்கின்றனர். நஜீஸ் என்பது கழுவுவது பற்றிய சட்டம், வதைப்பதற்கான அனுமதியன்று.

தாகத்தால் ஈரமண்ணை நக்கிய நாய்க்காகக் கிணற்றில் இறங்கி, தோல் காலுறையில் நீர் மொண்டு, அதை வாயில் கவ்விக்கொண்டு மேலேறிப் புகட்டிய மனிதரை அல்லாஹ் மன்னித்தான். இச்செய்தி புகாரி, முஸ்லிம் இரண்டிலும் உள்ளது.

சட்டத்தையும் அறிந்துகொள்ளுங்கள். ஷாஃபிஈ மத்ஹபில் நாயின் ஈரம் பட்ட இடத்தை 7 முறை, அவற்றில் ஒருமுறை மண் கலந்த நீரால், கழுவ வேண்டும். இருபுறமும் உலர்ந்திருந்தால் கழுவ வேண்டியதில்லை. ஹனஃபி மத்ஹபில் உமிழ்நீர் நஜீஸ், உடல் அன்று. வேட்டை, கால்நடை, விளைநிலக் காவல் ஆகியவற்றுக்கன்றி நாய் வளர்ப்போரின் நன்மை நாள்தோறும் குறையும் என்ற நபிகளாரின் எச்சரிக்கையும் உண்டு. ஆயினும், பிணி தீரும்வரை கொல்லைப்புறத்தில் வைத்துப் பராமரிப்பதை நான் வளர்ப்பாகக் கருதவில்லை, சிகிச்சையாகவே கருதுகின்றேன்.

ஒரு பழஞ்சாக்கு, தனிச் சட்டியில் தண்ணீர், குழைந்த சோறு கொடுங்கள். நோன்புக் கஞ்சி மிஞ்சியதே என்று ஊற்றிவிடாதீர்கள். வெங்காயமும் பூண்டும் நாய்க்கு ஆகா. கால்நடை மருத்துவரிடம் காட்டி வெறிநோய்த் தடுப்பூசி போடுங்கள். கடித்தாலோ பிறாண்டினாலோ சோப்பிட்டு ஓடும் நீரில் 15 நிமிடங்கள் கழுவி, உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். முதிய நாய்க்குச் செவி மங்கியிருக்கக்கூடும். உறங்கும்போது பிள்ளைகள் அதைத் திடீரெனத் தொடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.