ஓடும் வண்டி உடனே நிற்பதில்லை, ஏன்?

காண்டாக் கம்பின் இரு முனைகளிலும் பால் வாளிகளைத் தொங்கவிட்டுக்கொண்டு கொட்டகையை நோக்கி நடந்து பழகியவர்களுக்கு ஓர் உண்மை நன்கு தெரியும். நடையைத் திடுமென நிறுத்தினால் வாளியிலுள்ள பால் முன்பக்கமாகத் துள்ளிச் சிந்தும். நின்ற இடத்திலிருந்து திடுமெனக் கிளம்பினாலோ பின்பக்கமாகச் சிந்தும். ஆகையினால்தான் கைதேர்ந்த தொழிலாளி கிளம்பும்போது மெல்லக் கிளம்புகிறார். நிற்க வேண்டிய இடத்திற்குச் சற்று முன்னதாகவே நடையைத் தளர்த்துகிறார். இதனை அவருக்கு எந்தப் பள்ளியும் கற்பிக்கவில்லை. சிந்திய பாலும் குறைந்த நிறுவையும் கற்பித்த பாடம் இது.

அதே தொழிலாளியின் பிள்ளை இடைநிலைப் பள்ளியில் நான்காம் படிவத்தில் பௌதிகம் படிக்கும்போது 'இனெர்சியா' என்ற சொல்லைப் பாடநூலில் காண்கிறது. அடுத்து 'ஹலாஜு', 'பெச்சுத்தான்', 'கெசெரான்' என்று வரிசையாக வருகின்றன. பிள்ளை வந்து கேட்டால், "எங்களுக்கு இதெல்லாம் என்ன தெரியும்? ஆசிரியரைக் கேட்டுக்கொள்" என்று பெற்றோர் ஒதுங்கிக்கொள்வதை நாம் பல வீடுகளில் கண்டிருக்கிறோம். அப்படி ஒதுங்க வேண்டிய தேவையே இல்லை. வாளியில் பால் துள்ளியதே, அதுதான் இனெர்சியா. தமிழில் அதனை நிலைமம் என்றும் சடத்துவம் என்றும் கூறுவர். மற்ற மூன்றும் முறையே திசைவேகம், வேகமாற்றம், உராய்வு என்பவையாம். தோட்டத்தில் நாளும் நம் கண்முன்னே நடப்பவற்றிற்குப் பாடநூல் வைத்திருக்கும் பெயர்களே இவை.

இதனை அறிந்துகொள்வதால் பிள்ளையின் தேர்வுக்கு மட்டுமன்றி நம் உயிருக்கும் பயனுண்டு. இந்நாட்டில் சாலை விபத்துகளில் இறப்போரில் பாதிக்கு மேற்பட்டவர்கள் மோட்டார் சைக்கிளில் சென்றவர்களே. தோட்டத்து வீடுகளில் மோட்டார் சைக்கிள் இல்லாத வீடு அரிது. வேலைக்காட்டிற்குச் செல்வதும், பால் ஏற்றுவதும், பிள்ளையைப் பேருந்து நிறுத்தத்தில் விடுவதும் அதில்தான். ஆகவே வண்டியை முன்வைத்தே இதனை விளக்க முற்படுகிறோம்.

ஒரு பொருள் ஓடிக்கொண்டேயிருக்க வேண்டுமானால் அதனை எதுவோ தள்ளிக்கொண்டேயிருக்க வேண்டும் என்று கிரேக்க அறிஞர் அரிஸ்டாட்டில் கூறிச் சென்றார். உலகம் பன்னூறு ஆண்டுகள் அதனை நம்பியது. நம்பியதில் வியப்பில்லை, கைவண்டியைத் தள்ளுவதை நிறுத்தினால் அது நின்றுதானே விடுகிறது? இத்தாலி நாட்டுக் கலிலியோ (1564–1642) அதனை மறுத்து வேறுவிதமாகச் சிந்தித்தார். கைவண்டி தானாக நிற்பதில்லை. சக்கரமும் அச்சும் தரையும் உராய்ந்து அதனை நிறுத்துகின்றன. உராய்வே இல்லாத தரை ஒன்று இருக்குமாயின், ஒருமுறை தள்ளிய வண்டி நேர்கோட்டில் ஓடிக்கொண்டேயிருக்கும். ஆங்கில அறிஞர் ஐசக் நியூட்டன் 1687-ஆம் ஆண்டில் வெளியிட்ட தம் நூலில் இதனையே இயக்கத்தின் முதல் விதியாக அமைத்தார். நிற்பது நிற்கவே முயலும். ஓடுவது அதே வேகத்தில், அதே திசையில் ஓடவே முயலும். வெளியிலிருந்து ஒரு விசை வந்து தாக்கினாலன்றி அந்நிலை மாறாது.

டிராக்டரின் பின்வண்டியில் பிடிமானமின்றி நின்று செல்பவர், ஓட்டுநர் பிரேக்கை மிதித்ததும் முன்னே சாய்வது இதனால்தான். வண்டியைத் தரை நிறுத்திவிட்டது. வண்டியின் மேல் நிற்பவரின் உடலை நிறுத்த எதுவும் இல்லை. அது தன் பழைய வேகத்திலேயே செல்கிறது.

இனி வேகத்தையும் நிற்கும் தூரத்தையும் பற்றிய கணக்கிற்கு வருவோம். கணக்கு என்றதும் முகஞ்சுளிக்க வேண்டா. கூட்டலும் பெருக்கலுமே தெரிந்தால் போதும்.

மணிக்கு 36 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் மோட்டார் சைக்கிள் ஒரு நொடியில் 10 மீட்டர் கடக்கிறது. அதனைப்போல் இரு மடங்கான 72 கிலோமீட்டரில் நொடிக்கு 20 மீட்டர் கடக்கிறது. உலர்ந்த தார்ச்சாலையில் பிரேக் பிடிக்கும்போது ஒவ்வொரு நொடியிலும் வேகத்தில் நொடிக்கு 5 மீட்டர் குறைகிறது என்று வைத்துக்கொள்வோம். முதல் வண்டி 2 நொடியில் நின்றுவிடும். பத்தில் தொடங்கிச் சுழியத்தில் முடிவதால் அதன் சராசரி வேகம் 5 மீட்டர். ஆக, 2 நொடியில் அது கடக்கும் தூரம் 10 மீட்டர். இரண்டாவது வண்டி நிற்க 4 நொடி வேண்டும். சராசரி வேகம் 10 மீட்டர். கடக்கும் தூரம் 40 மீட்டர்.

வாசகர்கள் இங்கே சற்று நின்று இதனை மீண்டும் பார்க்க வேண்டுகிறோம். வேகம் இரு மடங்கே ஆயிற்று. நிற்கும் தூரமோ நான்கு மடங்காயிற்று. நிற்பதற்கு இரு மடங்கு நேரம் ஆகிறது. அந்த நேரம் முழுவதும் சராசரி வேகமும் இரு மடங்காகவே இருக்கிறது. இரண்டை இரண்டால் பெருக்க நான்கு. மும்மடங்கு வேகமாயின் ஒன்பது மடங்கு தூரம் வேண்டும். வேகத்தைச் சிறிது கூட்டினால் ஆபத்தும் சிறிதே கூடும் என்று நம் மனம் கணக்கிடுகிறது. சாலை அவ்வாறு கணக்கிடுவதில்லை.

இன்னும் ஒன்றைச் சேர்க்க வேண்டியுள்ளது. எதிரே மாடு ஒன்று குறுக்கிடுவதைக் கண் கண்டு, மூளை உணர்ந்து, கையும் காலும் பிரேக்கை அழுத்துவதற்குள் ஏறத்தாழ ஒரு நொடி கழிந்துவிடும். அந்த நொடியில் வண்டி சிறிதும் வேகம் குறையாமல் ஓடுகிறது. முதல் வண்டி 10 மீட்டரும் இரண்டாவது 20 மீட்டரும் இவ்வாறே கடந்துவிடுகின்றன. களைத்திருப்பவருக்கும் மது அருந்தியவருக்கும் அந்த ஒரு நொடி இன்னும் நீளும். மொத்தத்தில் முதல் வண்டி நிற்க 20 மீட்டர். இரண்டாவது நிற்க 60 மீட்டர். மூன்று மீட்டருக்கு ஒரு மரமாக நட்ட கித்தா வரிசையை நினைத்துக்கொள்ளுங்கள். ஏழாவது மரத்தடியில் மாடு நின்றால் முதல் வண்டிக்காரர் தப்புவார். இரண்டாமவருக்கு இருபது மரம் வேண்டும். ஏழாவது மரத்தருகே அவருடைய வண்டி இப்பொழுதுதான் வேகம் குறையத் தொடங்கியிருக்கும்.

இது தார்ச்சாலைக் கணக்கு. தோட்டத்துச் செம்மண் சாலையில் மழை பெய்து, மேலே சிறு கற்களும் புரளுகின்றன என்றால் டயருக்குப் பிடிப்பு ஏது? பிடிப்புப் பாதியாகக் குறைவதாகக் கொண்டால் நிற்கும் தூரம் இரட்டிக்கும். முதல் வண்டிக்குப் பத்து மரம், இரண்டாவதற்கு முப்பத்துமூன்று மரம். பிரேக் நல்லதாயிருந்தும் வண்டி வழுக்குகிறதே என்று சிலர் குறைப்பட்டுக்கொள்வர். பிரேக் சக்கரத்தை மட்டுமே நிறுத்த வல்லது. வண்டியை நிறுத்துவது டயருக்கும் தரைக்கும் இடையேயுள்ள உராய்வு. தேய்ந்து வழவழப்பான டயரை, "இன்னும் ஒரு மாதம் ஓடும்" என்று வைத்திருப்பவர் அந்த உராய்வைத்தான் இழக்கிறார்.

வளைவுகளிலும் இதே கதைதான். ஓடுவது நேர்கோட்டிலேயே ஓட முயலும் என்றோமல்லவா? வளைவில் வண்டியைத் திருப்பி இழுத்துப் பிடிப்பதும் டயரின் உராய்வே. இங்கும் வேகம் இரு மடங்கானால் வேண்டிய பிடிப்பு நான்கு மடங்காகும். 20 மீட்டர் ஆரமுள்ள வளைவை 36 கிலோமீட்டர் வேகத்தில் திரும்புவதற்கு, நாம் மேலே தார்ச்சாலைக்குக் கொண்ட பிடிப்பு முழுவதும் தேவைப்படும். கற்கள் புரளும் ஈரச் செம்மண்ணில் அதே வளைவில் 25 கிலோமீட்டரைத் தாண்டினாலே வண்டி வழிவிட்டு வெளியே போகும். வளைவின் நடுவே பிரேக்கையும் அழுத்துபவர், இருக்கும் சிறிது பிடிப்பையும் இரண்டு வேலைகளுக்குப் பங்கிடுகிறார். வளைவிற்குள் நுழையுமுன்பே வேகத்தைக் குறைக்கச் சொல்வதன் காரணம் இதுவே.

பால் ஏற்றும் தொட்டி லோரியைப் பற்றியும் ஒரு சொல். நிறைந்த தொட்டியைக்காட்டிலும் பாதி நிறைந்த தொட்டியே ஓட்டுநருக்குத் தொல்லை தருவது. நிறைந்த தொட்டியில் பால் அசைய இடமில்லை. பாதித் தொட்டியிலோ, லோரி நின்ற பின்னும் பால் முன்னோக்கிப் பாய்ந்து சுவரை மோதுகிறது. வளைவில் ஒரு பக்கமாகத் திரண்டு லோரியைச் சாய்க்கப் பார்க்கிறது. இத்தகைய தொட்டிகளுக்குள் துளையிட்ட தடுப்புத் தகடுகளை வைப்பதுண்டு. காண்டா வாளி சுமந்தவர் நடையைத் தளர்த்திச் செய்த வேலையை அத்தகடுகள் ஓரளவு செய்கின்றன.

நியூட்டனின் இரண்டாம் விதி விசையையும் பொருளின் நிறையையும் பற்றியது. காலியான தள்ளுவண்டி ஒரு தள்ளில் ஓடும். உரமூட்டை ஏற்றியதை அதே வேகத்திற்குக் கொண்டுவர அதிக விசை வேண்டும். ஓடுகின்றதை நிறுத்துவதற்கும் அப்படியே. மூன்றாம் விதி, ஒவ்வொரு விசைக்கும் சமமான எதிர்விசை உண்டு என்பது. சக்கரம் தரையைப் பின்னே தள்ளுகிறது, தரை சக்கரத்தை முன்னே தள்ளுகிறது. சேற்றில் சக்கரம் வெறுமனே சுழல்வதைக் கண்டவர்களுக்கு இதற்குமேல் விளக்கம் வேண்டுவதில்லை.

தலைக்கவசத்தைப் பற்றிக் கூறாமல் விடுவதற்கில்லை. நம் நாட்டில் மோட்டார் சைக்கிளில் செல்வோர் தலைக்கவசம் அணிய வேண்டுமென்ற விதி 1973-ஆம் ஆண்டில் வந்தது. தோட்டத்திற்குள் ஓட்டும்போது அது எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. உயரத்திலிருந்து விழும் பொருள் நொடிக்கு 10 மீட்டர் வேகத்தை அடைய 5 மீட்டர் விழுந்தால் போதும். 20 மீட்டர் வேகத்தை அடைய 20 மீட்டர் விழ வேண்டும். எனவே 72 கிலோமீட்டர் வேகத்தில் சுவரில் மோதுபவர், வளர்ந்த கித்தா மரம் ஒன்றின் உச்சியிலிருந்து தரையில் விழுந்தவருக்கு ஒப்பாவார். மெல்லச் செல்லும் முதல் வண்டிக்காரர்கூட வீட்டுக் கூரைக்கும் மேலான உயரத்திலிருந்து விழுகிறார். தலைக்கவசத்தின் உள்ளேயுள்ள நுரை நசுங்கி, தலை நிற்பதற்கு ஓரிரு சென்டிமீட்டர் கூடுதல் தூரம் தருகிறது. நிற்கும் தூரம் கூடக்கூட மண்டையோட்டின்மேல் விழும் விசை குறைகிறது. அந்த ஓரிரு சென்டிமீட்டரே பலரை வீடு திரும்ப வைத்திருக்கிறது. வாரைக் கட்டாமல் தலையில் கவிழ்த்துச் செல்பவருக்கு அதுவும் கிடையாது. கவசம் முதலில் பறந்துவிடும்.

இவற்றையெல்லாம் நேரிற் காண விரும்பும் பிள்ளைகள் கலிலியோ செய்த சோதனையை வீட்டு வாசலிலேயே செய்து பார்க்கலாம். இரண்டு மீட்டர் நீளமுள்ள நேரான பலகையொன்றில் கோலிக்குண்டு ஓடும்படி பள்ளம் ஒன்று அமைத்து, ஒரு முனையை 12 சென்டிமீட்டர் உயர்த்தி வையுங்கள். மேல் முனையில் கோலிக்குண்டை வைத்து, தள்ளாமல், விரலை மட்டும் எடுத்துவிடுங்கள். ஒருவர் கடிகாரத்தைப் பார்த்து ஒவ்வொரு நொடிக்கும் கைதட்ட, மற்றொருவர் குண்டு இருக்குமிடத்தில் சுண்ணக்கட்டியால் குறிக்கட்டும். முதல் தட்டலில் அது ஏறத்தாழ 20 சென்டிமீட்டர் சென்றிருக்கும், இரண்டாவதில் 80, மூன்றாவதில் 180. ஒன்று, நான்கு, ஒன்பது என்ற அதே வரிசை. கலிலியோவிடம் நொடி காட்டும் கடிகாரம் இல்லை. பெரிய பாத்திரத்திலிருந்து மெல்லிய குழாய் வழியே வடிந்த நீரை ஒரு கிண்ணத்தில் பிடித்து, அதனை நிறுத்து நேரத்தை அளந்தார் அவர். மங்கில் சேரும் பாலைப் பார்த்தே பொழுதைக் கணிக்கும் நம் தோட்டத்துப் பெரியவர்களுக்கு அம்முறை புதிதாகத் தோன்றாது.