குதிரைகளின் நாட்பட்ட ஆஸ்துமா: மருந்தினும் முந்தியது தூசித் தடுப்பு

செங்கற்சூளையில் பச்சைக்கல் சுமக்கும் கோவேறு கழுதை, சிறு நகரங்களில் சவாரி ஏற்றும் டோங்கா வண்டிக் குதிரை, இமயமலைப் பாதைகளில் யாத்திரிகரைச் சுமக்கும் மட்டக்குதிரை ஆகிய யாவும் எளிய குடும்பங்களின் வாழ்வாதாரங்கள். 2019-ஆம் ஆண்டின் இருபதாவது கால்நடைக் கணக்கெடுப்பின்படி நம் நாட்டில் குதிரைகளும் மட்டக்குதிரைகளும் ஏறத்தாழ 3.4 லட்சம், கோவேறு கழுதைகள் சுமார் 84 ஆயிரம், கழுதைகள் சுமார் 1.2 லட்சம். 2012-ஆம் ஆண்டுடன் ஒப்பிடுகையில் குதிரைகளின் எண்ணிக்கை ஏறத்தாழ 45 சதவீதம் குறைந்துள்ளது. எனினும், எஞ்சியுள்ள உழைப்பு விலங்குகளை நம்பி வாழ்வோர் இன்றும் பலர். விலங்கின் மூச்சு தடைப்படின் அவர்களது வருவாயும் தடைப்படும்.

நோயின் தன்மை

ஆஸ்துமா தொற்றுநோயன்று. கொட்டில் காற்றில் மிதக்கும் நுண்தூசியை ஏற்காத நுரையீரல் காட்டும் மிகையான எதிர்விளைவே இந்நோய். முன்னர் இது பல பெயர்களால் வழங்கி வந்தது. 2016-இல் வல்லுநர் குழு வெளியிட்ட கருத்தறிக்கைக்குப் பின் ‘குதிரை ஆஸ்துமா’ என்னும் பொதுப்பெயர் பெரிதும் ஏற்கப்பட்டு, மிதமானது, கடுமையானது என இதனை வகைப்படுத்துவது வழக்கமாயிற்று. மிதமான வகை எவ்வயதிலும் தோன்றலாம். கடுமையானது பெரும்பாலும் ஏழு வயதைக் கடந்த குதிரைகளிடம் காணப்படுகிறது. பாதிப்புற்ற குதிரைகளின் குட்டிகளுக்கு இந்நோய் வரும் வாய்ப்பு மிகுதி என்பதால், மரபுக்கும் இதில் பங்குண்டு எனலாம்.

முதன்மைக் காரணம் தீவனமே. சரியாக உலராத புல்லையோ வைக்கோலையோ அடுக்கி வைத்தால் ஈரத்தாலும் வெப்பத்தாலும் பூஞ்சை வளர்கிறது. அதன் வித்துகளும், பாக்டீரியா நச்சுகளும், சிற்றுண்ணிகளின் துகள்களும் தூசியோடு கலக்கின்றன. குதிரை வாயால் மூச்சு விடவியலாத விலங்கு. மூக்கால் மட்டுமே சுவாசிக்கும். எனவே, தீனிப்பைக்குள் முகத்தை நுழைத்து உண்ணும் குதிரை, உண்ணும் நேரம் முழுதும் அத்தூசியையே உட்கொள்கிறது. இதனால் மூச்சுக்குழல்கள் சுருங்குகின்றன, சளி மிகுகிறது, குழற்சுவர்கள் தடிக்கின்றன. நாளடைவில் இத்தடிப்பு முற்றிலும் மாறாத நிலையை அடைகிறது. நோயை விரைந்து கண்டறிய வேண்டியதன் காரணம் இதுவே.

அறிகுறிகள்

நலமான குதிரை ஓய்வில் நிமிடத்திற்கு 8 முதல் 16 முறை மூச்சு விடும். ஆஸ்துமாவின் தொடக்கத்தில், உண்ணும்போதும் வேலை தொடங்கும்போதும் இருமல் எழும். விரைவில் களைப்புத் தோன்றும். நோய் கடுமையானால், ஓய்விலும் மூக்குத் துளைகள் விரியும்; வெளிமூச்சின் இறுதியில் வயிறு உந்தித் தள்ளும். இவ்வுழைப்பால் வயிற்றுத் தசை தடித்து, விலாவின் கீழ் ஒரு கோடு தெரியும். குதிரை இளைத்துப் போகும். ஆனால் காய்ச்சல் பொதுவாக இராது.

காய்ச்சலோ, கெட்டியான மூக்கொழுக்கோ, தாடையடியில் வீக்கமோ இருப்பின் தொற்றுநோயை ஐயுற வேண்டும். சிறப்பாக, தோலில் முடிச்சுகளும் புண்களும் தோன்றின் ‘கிளாண்டர்ஸ்’ நோயாக இருக்கலாம். அது மனிதருக்கும் தொற்றக்கூடியது. 2009-ஆம் ஆண்டின் விலங்குத் தொற்றுநோய்த் தடுப்புச் சட்டப்படி அதனை அறிவித்தல் கட்டாயம். நாட்பட்ட இருமல் யாவும் ஆஸ்துமாவே எனக் கொள்வது ஆபத்தானது.

பேணும் முறை

ஊசி போட்டபின் குதிரையை அதே தூசிக் கொட்டிலில் கட்டினால் நோய் மீளும். ஆகவே முதற்சிகிச்சை சூழலை மாற்றுவதே.

உலர்புல்லை அரைமணி நேரமேனும் நீரில் முழுதும் ஊறவைத்து, ஈரம் உலருமுன் கொடுத்தல் வேண்டும். மேலே நீர் தெளிப்பது போதாது. ஊறிய தீவனம் வெயிலில் விரைந்து புளிக்கும் ஆதலால் மிச்சத்தை அகற்றிவிட வேண்டும். பூஞ்சை பிடித்த தீவனத்தை ஊறவைத்தும் கொடுத்தலாகாது. தீனிப்பையையும் உயரத் தொங்கும் வலையையும் தவிர்த்துத் தாழ்வான தொட்டியில் ஊட்டினால், தலை தாழ்ந்திருக்கச் சளி வெளியேறுவதும் எளிதாகும். கொட்டிலைப் பெருக்கும்போது குதிரையை வெளியே கட்டுதல் நலம். தீவனப் போரைக் கொட்டிலின் மேலோ அருகிலோ வைத்தலாகாது. பக்கத்துக் குதிரையின் தீவனத் தூசியும் தீங்கு செய்யும். இயன்ற நேரமெல்லாம் வெளியில் கட்டுவது மிகவும் நன்று. ஆயினும் சில குதிரைகளுக்கு மேய்ச்சல் நிலத்துப் பூஞ்சையும் மகரந்தமும் ஒவ்வாமல் போகலாம்.

கடும் நிலையில் கால்நடை மருத்துவர் அழற்சியைத் தணிக்கும் ஸ்டீராய்டு மருந்துகளையும், மூச்சுக்குழலை விரிக்கும் மருந்துகளையும் அளிப்பார். ஸ்டீராய்டு குளம்பு அழற்சியை உண்டாக்கக்கூடும் என்பதால் அதனைத் தாமாக வாங்கிக் கொடுத்தலாகாது. விரிப்பு மருந்து இடைக்கால நிவாரணமே தரும். தொற்று இல்லாதபோது நுண்ணுயிர்க்கொல்லியால் பயனில்லை, பணவிரயமே மிஞ்சும்.

அலுவலர் கடமை

அன்றாடக் கூலியை நம்பியிருப்போரிடம் குதிரைக்குச் சில வாரம் ஓய்வு கொடுக்கச் சொல்வது எளிது. அவர் அதனைக் கடைப்பிடிப்பது அரிது. இருமல் தொடங்கிய நாளிலேயே அறிவுரை கிடைத்தால், நெடிய ஓய்வின்றிச் சுமை குறைப்பும் தீவன மாற்றமும் போதுமானதாகலாம். எனவே கால்நடை மருந்தகப் பணியாளர்கள் சூளைகளுக்கும் வண்டி நிலையங்களுக்கும் சென்று, விலங்கோடு கொட்டிலையும் தீவனத்தையும் பார்வையிட வேண்டும். ஹிசாரில் இயங்கும் தேசியக் குதிரையின ஆராய்ச்சி நிலையம் போன்றவற்றின் அறிவு, உரிமையாளர் மொழியில் அவரிடம் சேர வேண்டும்.

ஊறவைக்கும் தொட்டிக்கும் காற்றோட்டமான கூரைக்கும் ஆகும் செலவு, உழைக்கும் விலங்கை இழப்பதால் நேரும் செலவைவிட மிகச் சிறிது. இந்நோயை முற்றிலும் நீக்கவியலாது. ஆனால் தூசியைக் குறைத்தால், நோயுற்ற குதிரையும் பல்லாண்டு உழைத்து வாழவியலும்.