ஹிட்லரின் முகாமிலேயே ஹிட்லரைக் கிண்டலடித்த நடிகர்: யார் இந்த எர்வின் கெஷோனெக்?

ஜெர்மனியின் டாகாவ் வதைமுகாம், 1943 கோடைக்காலம். கைதிகள் ஒரு நகைச்சுவை நாடகம் போடுகிறார்கள். அதில் 'அடோலார்' என்ற வீரன் பேசும்போதெல்லாம் அப்படியே ஹிட்லர் தொனி! கைதிகளுக்குப் புரிந்துவிட்டது. பார்வையாளர்களில் முகாமைக் காவல்காத்த எஸ்.எஸ். படையினரும் இருந்தார்கள். மாட்டியிருந்தால் உயிரே போயிருக்கும். அடோலாராக நடித்தவர்தான் எர்வின் கெஷோனெக்.

முகாமுக்கு எப்படி வந்தார்?

1906-ல் பிறந்து, பெர்லினில் வளர்ந்தவர். 1929-ல் கம்யூனிஸ்ட் கட்சியில் சேர்ந்தார்; தொழிலாளர் நாடகக் குழுக்களில் நடித்தார். 1933-ல் ஹிட்லர் ஆட்சிக்கு வந்ததும் நாட்டைவிட்டு வெளியேறி, சோவியத் யூனியன், அப்புறம் பிராக் என அலைந்தார். 1939-ல் ஜெர்மன் ராணுவம் பிராக்கைப் பிடித்ததும் கைதானார். 6 வருடம், சாக்சன்ஹவுசன், டாகாவ், நொயன்காம்மே என 3 முகாம்கள்.

கடைசியில் இன்னொரு கொடுமை. கைதிகளை அடைத்துவைத்திருந்த 'காப் அர்கோனா' கப்பல் மீது, 1945 மே 3 அன்று பிரிட்டிஷ் விமானங்கள் குண்டு போட்டன. கப்பலில் 4,000-க்கும் மேற்பட்ட கைதிகள். தப்பியது சில நூறு பேர்தான். அதில் இவரும் ஒருவர்.

கொலையாளி வேடம் ஏன் சர்ச்சையானது?

போருக்குப் பிறகு கிழக்கு பெர்லினில் பிரெக்டின் நாடகக் குழுவில் சேர்ந்தார். 1951-ல் 'வாண்ட்ஸ்பெக்கின் கோடரி' படம். அதில் இவர் கசாப்புக் கடைக்காரர். வியாபாரம் படுத்துவிட, 2,000 மார்க்குக்காக நாஜிகள் சொன்ன 4 கம்யூனிஸ்ட்டுகளின் தலையை வெட்டுகிறார். விஷயம் தெரிந்ததும் ஊரே அவர் கடையை ஒதுக்குகிறது.

அந்த ஆளை அரக்கனாகக் காட்டாமல், பணக் கஷ்டத்தில் விலைபோன சாதாரண மனிதராக நடித்தார் கெஷோனெக். அதுதான் பிரச்சினை. கொலையாளி மீது பரிதாபம் வருது என்று சொல்லி, ஆளுங்கட்சி சில வாரங்களிலேயே படத்தைத் தியேட்டர்களிலிருந்து தூக்கியது. இத்தனைக்கும் அது அவர் நம்பிய கட்சி. இயக்குநர் ஃபால்க் ஹார்னாக்கின் அண்ணனும் நாஜிகளால் கொல்லப்பட்டவர். ஹார்னாக் அடுத்த வருடமே கிழக்கு ஜெர்மனியைவிட்டுப் போய்விட்டார். கெஷோனெக் அங்கேயே இருந்தார், நடித்தார்.

எந்தப் படத்தில் ஆரம்பிக்கலாம்?

புகென்வால்ட் முகாம் கதையான 'ஓநாய்களுக்கு நடுவே நிர்வாணமாக' (1963) படத்தில் கைதிகளின் தலைவர் வேடம். அதே வருடம் வந்த 'கார்பைடும் புளிச்சக்கீரையும்' முழுக்க காமெடி. 'பொய்யன் ஜேக்கப்' (1974) படத்தில் முடிதிருத்துபவர். ஆஸ்கருக்குப் பரிந்துரையான ஒரே கிழக்கு ஜெர்மனி படம் அதுதான்.

2008-ல், 101 வயதில் காலமானார். அவர் நடிப்பைப் புரிந்துகொள்ள ஒரே ஒரு படம்தான் பார்க்க முடியும் என்றால், அந்தக் கோடரிப் படத்தையே பாருங்கள். ஹிட்லரைக் கிண்டலடித்தவர், ஹிட்லருக்கு வேலை செய்த பக்கத்துக் கடைக்காரரை எவ்வளவு கூர்ந்து கவனித்திருக்கிறார் என்று புரியும்.