மக்காச்சோளமும் உழவின் ஆழமும்

பெங்களூரின் ஈஜிபுராவில் வீடு கட்ட அடித்தளம் தோண்டும் இடங்களில் செம்மண் தெரியும். நகரம் பரவுமுன் அது ஒரு சிற்றூர். இன்று அங்கே வாழும் தமிழருள் கிருஷ்ணகிரி, தருமபுரிப் பக்கத்தில் ஏக்கர் இரண்டு ஏக்கர் நிலம் உடையோர் உண்டு. அந்நிலமும் பெரும்பாலும் இதே செம்மண்தான். கேழ்வரகை விட்டு மக்காச்சோளம் போடலாமா என்று எண்ணும் நேயர்கள், விதையைப்பற்றி விசாரிக்குமுன் உழவைப்பற்றிச் சிறிது சிந்தித்தல் நலம்.

நம் நாட்டில் மக்காச்சோள ஆராய்ச்சித் திட்டம் 1957இல் தொடங்கி, 1961இல் முதல் ஒட்டுவீரிய வகைகள் வெளிவந்தன. ஒட்டு விதையை ஒவ்வோர் ஆண்டும் விலைக்கு வாங்கியே தீரவேண்டும். ஆகவே முளைக்காமற்போகும் விதை ஒவ்வொன்றும் கைப்பொருள் நட்டமாகும்.

செம்மண்ணில் மக்கு குறைவு. அதைச் சுழற்கலப்பையால் மாவுபோல் பொடியாக்கிவிட்டால் பார்வைக்கு அழகாயிருக்கும். ஆனால் விதைத்த மறுநாள் ஒரு கனமழை பெய்யட்டும். துளிகள் அப்பொடியைக் கரைத்து மண்ணின் நுண்துளைகளை அடைத்துவிடும். வெயில் ஏறியதும் மேல்மண் பொருக்குத் தட்டும். முளை அதைப் பிளந்து வரத் திணறும். அடுத்த மழைநீரோ உள்ளே இறங்காமல் சரிவில் ஓடிவிடும். சிறு கட்டிகள் சில கிடக்கும்படி உழுவதே இம்மண்ணுக்கு ஏற்றது.

இது மேற்பரப்பில் நேரும் தொல்லை. அடியில் ஒன்று உண்டு, அதுவே பெரிது. ஆண்டுதோறும் ஒரே ஆழத்தில் உழுதால், கொழுமுனை எட்டும் இடத்துக்குக் கீழே மண் தட்டுப்போல் இறுகிவிடும். டிராக்டரின் கனமும் அதற்குத் துணை செய்யும். இளகிய மண்ணில் மூன்றடிக்கு மேலும் இறங்கவல்ல மக்காச்சோள வேர், அத்தட்டில் முட்டிப் பக்கவாட்டில் திரும்பிவிடும். ஆடியில் விதைத்த பயிர் புரட்டாசி வாக்கில் பூக்கும். கதிர்நூல் வெளிவரும் அந்த நாட்களில் பத்து நாள் மழையில்லாவிட்டால், மேல்வேரை மட்டும் நம்பிய பயிரில் மணி பிடிக்காது. அடிமண்ணில் ஈரம் இருந்தும் பயிர் வாடுவது கொடுமையன்றோ!

‘அகல உழுவதினும் ஆழ உழு’ என்னும் பழமொழி இங்கே பொருந்தும். ஆயினும் ஆண்டுதோறும் ஆழ உழவேண்டும் என்று கொள்ளலாகாது. தட்டு இறுகிய நிலங்களில் மூன்றாண்டுக்கு ஒருமுறை உளிக்கலப்பையை அரை மீட்டர் இடைவெளியில் நெடுக்கும் குறுக்கும் ஓட்டும்படி தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் கூறுகிறது. அக்கருவி மண்ணைப் புரட்டாமலே கீறித் தட்டை உடைக்கும். மற்ற ஆண்டுகளில் கோடைமழை ஈரத்தில் ஓர் உழவும், விதைப்புக்குமுன் ஒன்றும் பெரும்பாலும் போதும். சரிவுக்குக் குறுக்கே உழுது தொழுவுரமும் இடவேண்டும். பயிர் முழங்கால் உயரம் வந்ததும் மேலுரமிட்டு மண் அணைத்தால், கணுவில் இறங்கும் வேர்கள் ஊன்றிக் காற்றுக்குச் சாயாமல் நிற்கும்.

உழவே வேண்டாம் என்போரும் உளர். அமெரிக்காவின் கெண்டக்கி மாநிலத்தில் ஹாரி யங் என்னும் உழவர் 1962இல் உழாத நிலத்திலேயே மக்காச்சோளம் விதைத்தார். பின்னர் அம்முறை பல நாடுகளுக்குப் பரவிற்று. முன்பயிரின் தாள் நிலத்தை மூடிக் கிடப்பதும், களையை மருந்தால் அடக்குவதும் அதன் உயிர்நாடி. நம் ஊரில் தட்டை முழுதும் மாட்டுக்குப் போகிறது. மூடாக்கில்லாத செம்மண்ணை உழாமலும் விட்டால் மழைநீர் வழிந்தோடுவதே மிகும். மாட்டைப் பட்டினி போட்டு மண்ணை மூடுங்கள் என்று எந்தக் குடியானவரிடம் சொல்வது?

உளிக்கலப்பைக்கு வாடகை கொடுக்குமுன் ஒரு சோதனை செய்யலாம். நல்ல மழை பெய்த இரண்டாம் நாள் கூரான இரும்புக் கம்பியொன்றை நிலத்தில் பல இடங்களில் அழுத்திப் பாருங்கள். ஓரடிக்குள் எங்கும் ஒரே ஆழத்தில் தடைபட்டால் தட்டு இருக்கிறது என்று அறியலாம். தடையின்றி இறங்கினால் அந்தச் செலவு வேண்டியதில்லை.