வயலில் அரிப்பு: செடியா, புழுவா, நத்தையா?

களை பிடுங்கிவிட்டு வந்த பின் கழுத்து அரிக்கிறது. நாற்று நட்டுக் கரையேறியதும் முழங்காலுக்குக் கீழே அரிக்கிறது. முருங்கை மரத்தடியில் சற்று நேரம் நின்றதற்கே முதுகெல்லாம் தடிக்கிறது. கிராமங்களில் இவை எல்லாவற்றிற்கும் "இரத்தம் கெட்டுவிட்டது" என்று ஒரே காரணம் சொல்லப்படுகிறது. கத்தரிக்காயும் கருவாடும் சமையலறையிலிருந்து விலக்கப்படுகின்றன. அரிப்பு மட்டும் விலகுவதில்லை. காரணம், அரிப்பு வந்தது அடுப்படியிலிருந்து அல்ல, வரப்பிலிருந்து.

வரப்பில் காணும் செடியையும் பூச்சியையும் உற்றுப் பார்த்து, இது என்ன, ஏன் இப்படிச் செய்கிறது என்று கேட்கும் பழக்கம் சில விவசாயிகளிடம் உண்டு. அரிப்பு விஷயத்தில் அந்தப் பழக்கம் மிகவும் பயன்படும். தொட்ட எவ்வளவு நேரத்தில் அரிப்பு தொடங்கியது, உடம்பில் எந்த இடத்தில் வந்தது, எத்தனை நாள் நீடித்தது என்ற மூன்றையும் கவனித்தாலே காரணத்தைப் பெரும்பாலும் கண்டுகொள்ளலாம். இவற்றுள் ஒருவகை அரிப்பு ஒருவரை வயலில் காலே வைக்க முடியாதபடி செய்துவிடக் கூடியது என்பதால் இதை அறிந்து வைத்திருப்பது அவசியம்.

தொட்டவுடன் சுடுவது

கை பட்ட அந்த நொடியே சுரீரென்று எரிந்தால் அது பெரும்பாலும் காஞ்சொறிக் கொடியாக இருக்கும். செந்தட்டி என்றும் இதைச் சொல்வார்கள். வேலியிலும் புதரிலும் படரும் இக்கொடி ஆமணக்குக் குடும்பத்தைச் சேர்ந்தது. இதன் இலையிலும் தண்டிலும் விறைப்பான மயிர்கள் உள்ளன. மயிரின் நுனியில் கால்சியம் ஆக்சலேட் என்ற உப்பால் ஆன நுண்ணிய ஊசி ஒன்று இருக்கிறது. தோலில் பட்டதும் அந்த ஊசி குத்த, மயிரிலுள்ள நீர் காயத்தில் இறங்குகிறது. எரிச்சல் கடுமையாக இருந்தாலும் பொதுவாக அன்றைக்குள் அடங்கிவிடும்.

பூனைக்காலி இதைவிடப் பொல்லாதது. இதன் காய்களின் மேல் பழுப்பு நிறத்தில் பட்டுப் போன்ற மயிர்கள் அடர்ந்திருக்கும். காய் முற்றியதும் இவை காற்றிலேயே பறக்கும். அரிப்பைப் பற்றி ஆராய்கிறவர்கள் சோதனைக்காக அரிப்பை உண்டாக்க வேண்டுமானால் இந்த மயிரைத்தான் எடுக்கிறார்கள் என்றால் இதன் வீரியத்தை எண்ணிப் பார்க்கலாம். மயிரிலுள்ள மியூகுனைன் என்ற நொதி புரதத்தைச் சிதைக்கக் கூடியது. அதுவே தோலிலுள்ள நரம்புகளைத் தூண்டுகிறது. கடையில் வாங்கும் சாதாரண ஒவ்வாமை மாத்திரைகள் ஹிஸ்டமின் என்ற பொருளைத் தடுப்பவை. பூனைக்காலி அரிப்பு அந்த வழியாக வருவதில்லை. ஆகவே மாத்திரை சாப்பிட்டும் கேட்கவில்லை என்று அடுத்த மாத்திரையைத் தேடுவதில் பயனில்லை.

மயிர் பட்ட இடத்தைத் தேய்க்கக் கூடாது. தேய்த்தால் இன்னும் ஆழமாக ஏறும். மருந்துக் கடையில் கிடைக்கும் ஒட்டுப் பிளாஸ்திரியை அந்த இடத்தில் ஒட்டி உரித்தெடுத்தால் மயிரும் கூடவே வந்துவிடும். இரண்டு மூன்று முறை இப்படிச் செய்த பிறகு கழுவலாம். உடுத்தியிருந்த துணியைத் தனியே துவைக்க வேண்டும். விதைக்காகக் காய் பறிப்பவர்கள் காற்று முதுகுப்புறமிருந்து வீசும்படி நின்று பறிப்பது நல்லது. பசுந்தாள் உரத்திற்கும் தீவனத்திற்கும் பயிரிட, அரிக்கும் மயிர் இல்லாத பூனைக்காலி வகையே இருக்கிறது.

முருங்கைக் கம்பளிப் புழுவின் மயிருக்கும் இதே முறையைக் கையாளலாம். இந்தப் புழுக்கள் பகலில் மரத்தின் அடிப்பகுதியில் கூட்டமாக ஒட்டிக்கொண்டிருக்கும். இரவில் மேலேறி இலையைத் தின்னும். கூட்டமாக இருக்கும் பகல் வேளையில் தீப்பந்தம் காட்டி அழிப்பது எளிது. பட்டை கருகாதபடி பந்தத்தை ஓட்டமாகக் காட்ட வேண்டும். மழை பெய்தவுடன் விளக்குப் பொறி வைத்தால் தாய் அந்துப்பூச்சிகள் முட்டையிடுமுன் சிக்கும். மயிர் கண்ணில் விழுந்தால் கசக்காமல் உடனே கண் மருத்துவரிடம் செல்ல வேண்டும்.

மாட்டின் குறட்டையும் மனிதனின் காலும்

நெல் வயலில் அரிப்பு வந்தால் சேற்றைக் குறை சொல்வது வழக்கம். விரலிடுக்கு வெளுத்துப் புண்ணாவது சேற்றுப்புண். நாள் முழுதும் ஈரத்தில் ஊறுவதால் அது வருகிறது. ஆனால் விரலிடுக்கை விட்டுவிட்டு, தண்ணீர் நின்ற மட்டம் வரை கணுக்காலிலும் கெண்டைக்காலிலும் சிவப்புப் புள்ளிகள் தோன்றினால் கதை வேறு. வயலை விட்டு ஏறிச் சிறிது நேரத்தில் சுருக்கென்று குத்தும். மறுநாள் புள்ளிகள் தடித்துக் கடுமையாக அரிக்கும். ஏறத்தாழ ஒரு வாரத்தில் தணியும். அடுத்தமுறை இறங்கும்போது முன்னைவிட அதிகமாக வரும்.

இதற்குக் காரணம் மாட்டின் இரத்தக் குழாய்களில் வாழும் ஒருவகைத் தட்டைப்புழு. இதன் முட்டைகள் மாட்டின் சாணத்தோடு வெளியேறித் தண்ணீரில் கலக்கின்றன. முட்டையிலிருந்து வரும் இளம்புழு, வயலிலும் குட்டையிலும் வாழும் தட்டையாகச் சுருண்ட சிறு நத்தைக்குள் புகுந்து பெருகுகிறது. பின்பு ஆயிரக்கணக்கில் வெளியே வந்து நீந்தி, மாட்டின் தோலைத் தேடுகிறது. நாற்று நடும் காலும் அதற்குத் தோல்தான். உள்ளே நுழைந்தபின் இது மாடல்ல என்று தெரிந்தாலும் திரும்பிச் செல்ல வழியில்லை, தோலிலேயே இறந்துவிடுகிறது. இறந்த புழுவை உடம்பு எதிர்ப்பதால் அரிப்பு ஏற்படுகிறது. மனிதனுக்கு அதற்கு மேல் நோய் எதுவும் வருவதில்லை.

இதே இனத்தைச் சேர்ந்த இன்னொரு புழு மாட்டின் மூக்கில் தங்கிவிடும். 1933-ல் விவரிக்கப்பட்ட இப்புழுவின் முட்டைகள் மூக்குச் சளியோடு வெளியேறுகின்றன. மூக்கினுள் சதை வளர்ந்து, மூச்சு விடும்போது குறட்டைச் சத்தம் கேட்கும். எனவே மாடு குறட்டை விடுகிறது, அந்த மாடு தண்ணீர் குடிக்கும் குட்டையில் இறங்கினால் கால் அரிக்கிறது என்றால் இரண்டையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். களிம்பைத் தேடுவதற்கு முன் மாட்டைக் கால்நடை மருத்துவரிடம் காட்டுவதே சரியான வைத்தியம். மாடுகளைக் குட்டையில் இறக்காமல் தொட்டியில் தண்ணீர் காட்டினால் நத்தைக்கும் மாட்டுக்கும் உள்ள தொடர்பு அறுந்துவிடும். வயலில் இறங்குமுன் காலில் எண்ணெய் தடவிக்கொள்வதும், ஏறியவுடன் காலைத் துண்டால் அழுத்தித் துடைப்பதும் ஓரளவு உதவும். தண்ணீர் தானாக உலரட்டும் என்று விடக்கூடாது. வாத்து விட்டால் நத்தையைத் தின்றுவிடுமே என்று கேட்கலாம். தின்னும், ஆனால் இந்தப் புழுக்களில் வாத்தின் உடலில் வளரும் வகையும் உண்டு என்பதை மறக்கக் கூடாது.

எல்லா அரிப்பும் வயலிலிருந்து வருவதல்ல. இரவில் அதிகமாகி, விரலிடுக்கிலும் மணிக்கட்டிலும் இடுப்பைச் சுற்றியும் வந்து, வீட்டில் மற்றவர்களுக்கும் பரவினால் அது சிரங்கு. கண்ணுக்குத் தெரியாத ஒரு சிற்றுண்ணி தோலைத் துளைப்பதால் வருகிறது. வீட்டிலுள்ள அனைவரும் ஒரே நாளில் மருந்து பூசினால்தான் தீரும். வட்டமாக, விளிம்பு தடித்துப் படர்வது படர்தாமரை எனும் பூஞ்சணம். இதற்கு மருத்துவரைக் கேளாமல் ஸ்டீராய்டு கலந்த களிம்பு வாங்கித் தடவினால் அரிப்பு முதலில் அடங்குவது போலிருந்து, பின்பு உடம்பெல்லாம் படரும்.

ஆண்டுக்கு ஆண்டு வளரும் அரிப்பு

இதுவரை கூறியவை வந்து போகிறவை, அல்லது மருந்துக்குக் கட்டுப்படுகிறவை. பார்த்தீனியம் அப்படியல்ல. வெப்ப மண்டல அமெரிக்காவைச் சேர்ந்த இச்செடி புனேயில் காணப்பட்டது 1956-ல் பதிவாயிற்று. இறக்குமதிக் கோதுமையோடு வந்தது என்பது பரவலான கருத்து. கேரட் இலை போன்ற இலையும் வெள்ளை நிறச் சிறு பூவும் கொண்ட இது இன்று தரிசு, வரப்பு, சாலையோரம் எங்கும் நிற்கிறது. ஒரே செடி பல ஆயிரம் விதைகளை உதிர்க்கிறது.

இதன் இலை, தண்டு, பூ ஆகியவற்றின் நுண் மயிர்களில் பார்த்தீனின் என்ற பொருள் உள்ளது. முதல் நாள் பிடுங்கியபோது ஒன்றும் ஆகாது. அடுத்த ஆண்டும் ஒன்றும் ஆகாமல் இருக்கலாம். "எனக்கெல்லாம் ஒன்றும் செய்யாது" என்று பலர் வெறுங்கையால் பிடுங்குவது இதனால்தான். ஆனால் உடம்பு உள்ளுக்குள் அப்பொருளை அடையாளம் கண்டு வைத்துக் கொண்டிருக்கிறது. மாதங்களோ ஆண்டுகளோ சென்று, ஒரு நாள் எதிர்க்கத் தொடங்குகிறது. அதன்பின் ஒவ்வொரு முறையும் செடி பட்ட ஓரிரு நாள் கழித்து அரிப்பு வரும். இந்த இடைவெளிதான் விவசாயியை ஏமாற்றுகிறது. திங்களன்று களை பிடுங்கியவர் புதனன்று அரித்தால் செவ்வாயன்று சாப்பிட்டதை நினைக்கிறார்.

இடத்தைப் பார்த்தால் ஏமாற வேண்டியதில்லை. கண் இமை, கழுத்து, முழங்கை மடிப்பு, முழங்கால் மடிப்பு ஆகிய இடங்களில் தோல் சிவந்து, தடித்து, கருக்கும். காய்ந்த செடியின் தூள் காற்றில் வந்து, வியர்வை தேங்கும் இந்த இடங்களில் படிகிறது. முற்றிய நிலையில் செடியைத் தொடவே வேண்டாம். அதன் அருகில் போனாலே போதும். சிலருக்கு வெயிலே ஒத்துக்கொள்ளாமல் போகிறது. வெயிலில் நிற்க முடியாத விவசாயி என்ன செய்வார்? அவ்வளவு தூரம் போகுமுன் தோல் மருத்துவரைப் பார்க்க வேண்டும். முதுகில் மருந்துத் துண்டை ஒட்டி, இரண்டு நாள் கழித்துப் பார்க்கும் சோதனையால் காரணத்தை உறுதி செய்யலாம். பார்த்தீனியம் ஒத்துக்கொள்ளாதவருக்கு அதே குடும்பத்தைச் சேர்ந்த சாமந்தியும் சூரியகாந்தியும் ஒத்துக்கொள்ளாமல் போகலாம். சாமந்தி பயிரிடுவோர் இதைக் கவனிக்க வேண்டும்.

மாடு தீவனமின்றி இச்செடியைத் தின்றால் வாய் புண்ணாகும், பால் கசக்கும்.

செடியைப் பூக்குமுன், மழைக்குப் பின் மண் ஈரமாக இருக்கும்போது, கையுறை அணிந்து வேரோடு பிடுங்க வேண்டும். கையுறை இல்லையேல் நெகிழிப் பையைக் கையில் மாட்டிக் கட்டிக்கொள்ளலாம். மூக்கையும் கழுத்தையும் துண்டால் மூடிக்கொள்வது அவசியம். பூக்காத செடியை மக்க வைக்கலாம். பூத்ததை எருக்குழியில் போட்டால் விதை வயலுக்கே திரும்பும். பயிரில்லாத இடங்களில் ஒரு லிட்டர் தண்ணீருக்கு 200 கிராம் சமையல் உப்பு வீதம் கரைத்துச் செடி நனையத் தெளிக்கலாம். விளைநிலத்தில் உப்புக் கரைசல் கூடாது. வரப்போரத் தரிசில் தகரை விதையைத் தூவி வைத்தால் அது முந்தி வளர்ந்து பார்த்தீனியத்தை அமுக்கிவிடும்.

இந்தச் செடியைத் தின்பதற்கென்றே மெக்சிகோவிலிருந்து ஒரு வண்டு 1983-ல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டது. வெளிர் மஞ்சள் முதுகில் பழுப்புக் கோடுகளுடன் இருக்கும். மழைக் காலத்தில் இலையை அரித்துத் தீர்க்கும். வறட்சியில் மண்ணுக்குள் உறங்கும். பார்த்தீனியத்தின் மேல் இந்த வண்டைக் கண்டால் பயிர்ப் பூச்சி என்று மருந்தடிக்காமல் விட்டுவிட வேண்டும்.

ஏற்கெனவே அரிப்பு கண்டவர் பிடுங்கும் வேலைக்குப் போகவே கூடாது, கையுறை அணிந்தும் கூடாது. வீட்டைச் சுற்றியும் அவர் தினம் நடக்கும் வரப்பிலும் உள்ள செடிகளை வீட்டில் மற்றவர்கள் அகற்ற வேண்டும். அந்த வேலை நடக்கும் நாளில் அவர் வேறிடத்தில் இருப்பதும், பிடுங்கியவர்கள் குளித்து உடை மாற்றிய பிறகே அவர் அருகில் செல்வதும் நல்லது.