எழுமாறாக அலையும் துணிக்கைகள்: கணக்கு என்ன சொல்கிறது?

தமிழைச் சிறப்புப் பாடமாகப் படித்த நான் பௌதிகவியலுக்குள் எட்டிப்பார்த்தது 'இடப்பெயர்ச்சி' என்ற சொல்லால்தான். அங்கே அது நடந்த தூரமன்று. புறப்பட்ட புள்ளிக்கும் வந்துசேர்ந்த புள்ளிக்கும் இடையிலான நேர்கோடு.

மகரந்தத்திலிருந்து வெளிவந்த நுண்துணிக்கைகள் நீரில் ஓயாமல் அசைவதை ரொபர்ட் பிரவுண் 1827இல் நுணுக்குக்காட்டியில் அவதானித்தார். நீர் மூலக்கூறுகளின் மோதலே காரணமென்று கொண்டு ஐன்ஸ்டைன் 1905இல் அதற்கொரு விதி வகுத்தார். பிரான்சில் ஜோன் பெரின், நாட்டுமருந்துக் கடையில் ரூமி மஸ்தகி என்று நாம் வாங்கும் பிசினின் நுண்மணிகளை நீரில் விட்டு, 30 செக்கனுக்கு ஒருதரம் அவற்றின் இடத்தைக் குறித்தார்.

குறித்ததை எப்படிக் கணக்கிடுவது? ஐந்துசந்தியில் நாலு பேர் நிற்கிறார்கள் என்று வையுங்கள். காசு சுண்டித் தலை விழுந்தால் கிழக்கே ஓரடி, பூ விழுந்தால் மேற்கே ஓரடி. இரண்டு தரம் சுண்டினால் வரக்கூடிய நாலு விதமும் ஆளுக்கொன்றாக வந்தால், ஒருவர் கிழக்கே 2 அடி, ஒருவர் மேற்கே 2 அடி, மற்ற இருவரும் பழைய இடம். சராசரி இடப்பெயர்ச்சி பூச்சியம். அப்ப ஒருத்தரும் அசையவில்லையா? வர்க்கித்துப் பாருங்கள்: 4, 4, 0, 0. சராசரி 2. நூறு தரம் சுண்டினால் அது 100. வர்க்கச் சராசரி நேரத்தோடு நேர்விகிதமாக வளரும் என்பதே ஐன்ஸ்டைனின் விதி.

ஆகவே நேரத்தை இரட்டித்துப் பார்க்கலாம். வர்க்கச் சராசரியும் இருமடங்கானால் துணிக்கை தன்பாட்டில் அலைகிறது. அதற்குக் குறைந்தால் ஏதோவொன்று அதை அடைத்து வைத்திருக்கிறது. நான்கு மடங்கானால் ஏதோவொன்று அதை ஒரே திசையில் கொண்டுபோகிறது. உயிர்க்கலத்துள் புரதங்களைத் தொடரும் ஆய்வாளர்களும் இதைத்தான் பார்க்கிறார்கள். ஒரேயொரு குறுந்தடத்தை வைத்துத் தீர்ப்புச் சொல்லக்கூடாது. பல தடங்கள் வேண்டும்.

இந்தக் கணக்கின் துணையோடு பெரின் மூலக்கூறுகளின் எண்ணிக்கையை மதிப்பிட்டார். அணுவை ஏற்க மறுத்த ஒஸ்வால்டும் இணங்கினார். 1926இல் பெரினுக்கு நோபல் பரிசு கிடைத்தது. சென்னையில் படித்த தமிழர் சந்திரசேகர், எழுமாற்று நடைபற்றி 1943இல் எழுதிய நீண்ட கட்டுரை இன்றும் பயிலப்படுகிறது.

பெரின் இன்னுமொன்றும் சொன்னார்: 30 செக்கன் கோடு ஒவ்வொன்றுக்குள்ளும் அதேயளவு சிக்கலான பாதை மறைந்திருக்கிறது. எந்த இடைவெளியில் பார்த்தோம் என்பதும் முடிவைத் தீர்மானிக்கும். எங்கட தெருவை 1989இல் ஒருதரமும் 2012இல் ஒருதரமும் பதிந்தவருக்கு, மீண்டுவந்த குடும்பத்தின் இடப்பெயர்ச்சி பூச்சியம். இடையில் 1990 ஒக்டோபரும் புத்தளத்து ஆண்டுகளும் இருந்ததை அந்தப் பூச்சியம் சொல்லாது. அது எழுமாறான அசைவும் அன்று.