தரியா தௌலத் பாக்

தரியா தௌலத் பாக் என்பது கருநாடக மாநிலம், மண்டியா மாவட்டம், சீரங்கப்பட்டணத்தில் உள்ள திப்பு சுல்தானின் கோடைக்கால மாளிகையும் அதைச் சூழ்ந்த தோட்டமும் ஆகும். 'செல்வக் கடல் தோட்டம்' என்பது இந்தப் பாரசீகப் பெயரின் பொருள். 1784-இல் கட்டப்பட்ட இம்மாளிகை இன்று இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளது. கட்டணம் செலுத்திப் பார்வையிடலாம்.

தருமபுரியுடன் தொடர்பு

சீரங்கப்பட்டணம் காவிரியின் நடுவே அமைந்த தீவு. அதைத் தழுவிச் செல்லும் ஆறே சிவனசமுத்திரம், மேகதாது வழியாக ஒகேனக்கல்லில் அருவியாக விழுகிறது. ஆறு மட்டுமன்றி ஆட்சியும் இவ்வூர்களை இணைத்திருந்தது. இன்றைய தருமபுரி, கிருஷ்ணகிரிப் பகுதிகளை உள்ளடக்கிய பாராமகால், திப்புவின் ஆளுகையில் இருந்தது. 1792-ஆம் ஆண்டுச் சீரங்கப்பட்டண உடன்படிக்கைப்படி அது கிழக்கிந்தியக் கம்பெனிக்குக் கைமாறியது.

கட்டடமும் தோட்டமும்

உயர்ந்த மேடைமீது, பெரும்பாலும் தேக்கு மரத்தால் ஆனது இம்மாளிகை. சுற்றிலும் தூண்கள் தாங்கும் தாழ்வாரம் உண்டு. நேர்ப்பாதைகளால் பகுக்கப்பட்ட தோட்டம் முகலாயரின் 'சார்பாக்' முறையைப் பின்பற்றியது. உள்ளே திப்பு காலத்துப் பொருள்களும் ஓவியங்களும் காட்சிக்கு வைக்கப்பட்டுள்ளன.

சுவரோவியங்கள்

மேற்குச் சுவரில் உள்ள பொள்ளிலூர்ப் போர்க் காட்சி புகழ்பெற்றது. 1780 செப்டம்பர் 10 அன்று காஞ்சிபுரத்துக்கு அருகே நடந்த அப்போரில் கர்னல் பெய்லியின் படை ஐதர் அலி, திப்பு ஆகியோரிடம் தோற்றது. வெடித்துச் சிதறும் வெடிமருந்து வண்டியையும் பல்லக்கில் இருக்கும் பெய்லியையும் ஓவியத்தில் காணலாம்.

1799-இல் திப்பு மறைந்தபின் இங்குத் தங்கிய ஆர்தர் வெல்லெசுலி, சிதைந்திருந்த ஓவியத்தைச் சீர்செய்யச் செய்தார். டல்கௌசி பிரபுவின் ஆணைப்படி 1850-களில் அது மீண்டும் தீட்டப்பட்டது. தம் தோல்வியைக் காட்டும் ஓவியத்தை ஆங்கிலேயரே காத்தது வியப்புக்குரியது. எனினும் நாம் இன்று காண்பது முழுவதும் 1784-இன் கைவண்ணம் அன்று என்பதை மாணவர்கள் நினைவில் கொள்ள வேண்டும்.

எஞ்சியதும் அழிந்ததும்

இதே தீவில் இருந்த திப்புவின் லால் பாக் அரண்மனை இன்று இல்லை. அதன் மரங்கள் பிரித்தெடுக்கப்பட்டு, 1831-இல் திறக்கப்பட்ட உதகை புனித ஸ்டீபன் தேவாலயத்துக்குப் பயன்பட்டன. அந்த உத்தரங்களை அங்கு இன்றும் காணலாம். அதே கதி தரியா தௌலத்துக்கு நேரவில்லை. அதன் ஓவியங்கள் ஒளியாலும் கை படுவதாலும் மங்கக்கூடியவை. ஆகவே தொடாமல் பார்ப்பதே நாம் அதற்குச் செய்யும் காவல்.